பந்தியும் விலக்கும்

ஆமிஷ் மக்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் போல அலுப்பான சாப்பாடு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான். ரொட்டி, வெண்ணெய், ஜாம். காடியில் ஊறிய வெள்ளரிக்காய், காடியில் ஊறிய பீட்ரூட். தடவிக்கொள்ளக் கொஞ்சம் இளகிய பாலாடைக்கட்டி. வேர்க்கடலை வெண்ணெயில் மார்ஷ்மெல்லோ கிரீமும் சோளப்பாகும் விட்டுக் குழைத்த ஒரு தித்திப்பு விழுது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியாக இருந்தால், உலர்ந்த ஆப்பிள் துண்டுகளை வேகவைத்து மசித்து உள்ளே வைத்த ‘ஷ்னிட்ஸ் பை’யும் வரும். பிறகு காப்பி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேர ஆராதனை முடிந்ததும் இதே பட்டியல்தான். தாத்தா காலத்திலும் ஏறத்தாழ இதுதான். பேரன் காலத்திலும் பெரிதாக மாறப்போவதில்லை.

ஆமிஷ்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஆராதனை முறைவைத்து வீடுவீடாக நடக்கிறது. முறை வரும் வீடு ஏறத்தாழ முப்பது குடும்பங்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அந்த வீட்டுக்காரி நல்ல சமையல்காரியாக இருக்கலாம். கோழியும் நூடுல்ஸும் வடிவான பழக் கேக்கும் செய்து அசத்த அவளால் முடியலாம். ஆனால் செய்யக் கூடாது. அவள் ஒரு பதார்த்தம் கூட்டினால் அடுத்த முறைக்காரி இரண்டு கூட்டுவாள். மூன்றாவது வீடு கடன் வாங்கியாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். இந்த ஏணியின் முதல் படியையே அவர்கள் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பரிமாறுகிறவளின் கைத்திறனை யாரும் பேச முடியாதபடி ஒரு பட்டியல். எந்த வீட்டில் சாப்பிட்டோம் என்பது நாக்குக்குத் தெரியக் கூடாது.

இதைப் பணிவு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். தன்னை விட்டுக்கொடுத்தலைக் குறிக்க ‘கெலாசென்ஹைட்’ என்று ஒரு பழைய ஜெர்மன் சொல் அவர்களுடைய வாழ்வின் நடுவில் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் கூர்மையான சமூக அறிவு ஒன்று தெரிகிறது. உணவு என்பது பெருமையடித்துக்கொள்ள மிக எளிதான இடம் என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டை மங்கலாக்கி, பந்தியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.

பந்தி நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். முதுகு சாயாத நீண்ட பெஞ்சுகள் அந்தச் சபைக்குப் பொதுச்சொத்து. அவற்றை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை வண்டி வீடுவிட்டு வீடு போய்க்கொண்டே இருக்கும். காலையில் அவற்றில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அதே பெஞ்சுகளைத் தாங்கிகளில் பொருத்திச் சேர்த்தால் சாப்பாட்டு மேசை. ஆண்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை. மூத்தவர்கள் முதல் பந்தி. இளையவர்களும் பிள்ளைகளும் பிறகு. சாப்பிடுமுன் தலைகுனிந்து மௌன ஜெபம், சாப்பிட்டபின் மறுபடி மௌன ஜெபம். பலருக்கு முதல் ஜெபம் தெரியும், இரண்டாவதுதான் ஆச்சரியம். அந்த இரண்டாவது ஜெபம் முடியும்வரை யாரும் பந்தியிலிருந்து எழுந்துவிடக் கூடாது. வீட்டில் மூன்று வேளையும் இதே ஒழுங்குதான்.

இந்தச் சமூகம் பிறந்ததே மேசையைப் பற்றிய ஒரு சண்டையில்தான் என்பதை அவர்களுடைய சமையல் புத்தகங்கள் எதுவும் சொல்வதில்லை.

கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. 1522இல் தவக்காலத்தில், சூரிக் நகரத்து அச்சகர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் தடையை மீறித் தொத்திறைச்சி தின்றார்கள். பாதிரியார் ஸ்விங்ளி கூட இருந்தார். தின்னவில்லை, ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்க மேடையில் வாதாடினார். சூரிக் நகரத்தின் மதச் சீர்திருத்தம் அந்தத் தட்டிலிருந்து தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். மூன்றே ஆண்டில், 1525இல், ஸ்விங்ளி போதிய தூரம் போகவில்லை என்று சில இளைஞர்கள் பிரிந்தார்கள். விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்றார்கள் அவர்கள். அனபாப்டிஸ்டுகள் என்று பெயர் சூட்டி அவர்களை ஆற்றில் மூழ்கடித்தும் நாடுகடத்தியும் வேட்டையாடினார்கள். மென்னோனைட்டுகளும் ஆமிஷ்களும் அந்த மரபில் வந்தவர்கள்.

1693இல் அந்தச் சிறிய, துரத்தப்பட்ட கூட்டத்துக்குள்ளேயே ஒரு பிளவு. அல்சாஸ் பகுதியில் மூப்பராக இருந்த யாக்கோப் அம்மான் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு சுவிஸ் சபைகளுக்கு வந்தார். சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாமா? கூடாது என்றார் அம்மான். 1632இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் மென்னோனைட்டுகள் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கை அவர் பக்கம் இருந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரமும் இருந்தது. எதிர்த்தரப்பில் ஹான்ஸ் ரைஸ்ட் என்ற மூத்த மூப்பர். திருவிருந்தில் சேர்க்காமல் வைப்பது போதும், அன்றாடச் சாப்பாட்டில் விலக்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்ற இயேசுவின் வாக்கை அவர் துணைக்கு அழைத்தார். இயேசுவே ஆயக்காரரோடும் பாவிகளோடும் சாப்பிட்டவர் அல்லவா?

பேசித் தீர்க்கக் கூப்பிட்டபோது ரைஸ்ட் வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார். அம்மான் கோபத்தில் அவரையும் அவரோடு நின்ற ஊழியர்களையும் அங்கேயே விலக்கிவைத்தார். சில ஆண்டுகள் கழித்து, அவசரப்பட்டுவிட்டோம் என்று அம்மானும் தோழர்களும் தங்களையே விலக்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தார்கள். சமாதானம் கூடவில்லை. அம்மானின் ஆட்களுக்கு அவர் பெயரே நிலைத்தது.

அந்தத் தீர்ப்பு இன்றும் அமலில் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்து, சபைக்கு வாக்குக் கொடுத்து, பிறகு அதை முறித்தவரைத்தான் விலக்குகிறார்கள். வாக்குக் கொடுக்குமுன்பே வெளியேறியவருக்கு அந்தத் தண்டனை இல்லை. விலக்கப்பட்ட மகன் அம்மாவைப் பார்க்க வரலாம், பேசலாம், பலநேரம் இரவு தங்கவும் செய்யலாம். சாப்பாட்டு நேரத்தில்தான் சிக்கல். அவனுக்குத் தனி மேசை. சில வீடுகளில் இரண்டு மேசைகளை ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் போட்டு, வெவ்வேறு விரிப்பு விரித்துவிடுகிறார்கள். விதியும் காப்பாற்றப்படும், பிள்ளையும் எட்டும் தூரத்தில் இருப்பான். அவன் கையிலிருந்து சபை உறுப்பினர் எதையும் நேரே வாங்கக் கூடாது. பாத்திரத்தை அவன் மேசையில் வைக்க வேண்டும். பிறகு மற்றவர் எடுத்துக்கொள்வார். கணவன் மனைவியும் இதற்கு விலக்கல்ல. எல்லா ஊரிலும் ஒரே கடுமை இல்லை: லான்காஸ்டரில் ஆயுளுக்கும் தொடரும், மத்திய மேற்கு மாநிலங்களின் சில சபைகளில், விலகியவர் வேறொரு அனபாப்டிஸ்ட் சபையில் ஒழுங்காக இருந்தால் காலப்போக்கில் தளர்த்திவிடுகிறார்கள்.

டோர்ட்ரெக்ட் அறிக்கையில் இதே பகுதியில் இன்னொரு விதியும் இருக்கிறது. விலக்கப்பட்டவர் பசித்தாலோ தாகமாயிருந்தாலோ உடுக்க இல்லாமல் தவித்தாலோ நோயுற்றாலோ, அவருக்கு உதவியே தீர வேண்டும். ஆகவே அவனுக்குச் சோறு போடலாம்; போடத்தான் வேண்டும். அவனோடு உட்கார்ந்து உண்ணத்தான் முடியாது. கொடுப்பது வேறு, கூட உண்பது வேறு என்று இத்தனை துல்லியமாகக் கோடு கிழித்த இன்னொரு சமூகத்தை நான் அறிந்ததில்லை. ஆமிஷ் உணவுப் பண்பாட்டுக்கு ஒரு திறவுகோல் தேடினால் அது இந்தக் கோட்டில்தான் கிடைக்கும்.

உணவைக் கொடுப்பதில் அவர்களுக்கு எல்லையே கிடையாது. 1946 முதல் மென்னோனைட் மத்தியக் குழுவின் நடமாடும் இறைச்சிப் பதப்படுத்தும் வண்டி ஒன்று குளிர்காலம்தோறும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊரூராகப் போகிறது. உள்ளூர் ஆமிஷ்களும் மென்னோனைட்டுகளும் கூலியில்லாமல் வந்து இறைச்சியை வெட்டி, டப்பாவில் அடைத்து, சீல் வைத்துத் தருகிறார்கள். போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய நாடுகளுக்கு அது போகிறது. தாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத மனிதர்களுக்கு. பக்கத்து வீட்டுக் களஞ்சியம் எரிந்தால் நூற்றுக்கணக்கான ஆண்கள் திரண்டு புதிதாகக் கட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்று அத்தனை பேருக்கும் பொங்கிப் போடுகிற பெண்கள் அந்தப் படங்களில் வருவதில்லை.

மற்றபடி ‘ஆமிஷ் சமையல்’ என்ற ஒன்று தனியாக இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ரைன் நதிப் பகுதிகளிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிய ஜெர்மன் பேசும் மக்களில் பெரும்பாலோர் லுத்தரன், ரிஃபார்ம்டு சபைக்காரர்கள். ஆமிஷ்கள் அதில் சிறு துளி. உலர் ஆப்பிளோடும் மாவு உருண்டையோடும் வேகவைத்த பன்றித் தொடை, மணிக்கணக்கில் செப்புக் கொப்பரையில் கிண்டும் ஆப்பிள் பட்டர், பன்றியின் மிச்சம் மீதியைச் சோளமாவோடு வேகவைத்து உறையவிட்டு வறுக்கும் ஸ்க்ராப்பிள், புத்தாண்டில் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும், தோட்டத்தில் மிஞ்சிய காய்களையெல்லாம் காடியில் போட்ட சௌ-சௌ: எல்லாம் இந்த முழுக் கூட்டத்தின் பொதுச்சொத்து. மற்றவர்கள் அமெரிக்கர்களாகக் கரைந்துபோனார்கள். ஆமிஷ்கள் தொப்பியும் குதிரை வண்டியுமாகக் கண்ணுக்குத் தெரியும்படி நின்றுவிட்டார்கள். எல்லோருடைய சமையலும் அவர்கள் பேரில் எழுதப்பட்டுவிட்டது.

எழுதியது சுற்றுலாத் தொழில். 1955இல் ‘ப்ளெயின் அண்ட் ஃபேன்சி’ என்ற இசைநாடகம் நியூயார்க் பிராட்வேயில் ஓடியது. லான்காஸ்டரைப் பார்க்கக் கூட்டம் கிளம்பியது. 1985இல் ‘விட்னஸ்’ படம் வந்தது. கூட்டம் இன்னும் பெருத்தது. வருகிறவர்களுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டுமே. ‘ஏழு இனிப்பும் ஏழு புளிப்பும்’ ஒவ்வொரு பென்சில்வேனிய ஜெர்மன் விருந்திலும் கட்டாயம் என்று உணவகங்கள் எழுதிவைத்தன. உணவு வரலாற்றாளர் வில்லியம் வாய்ஸ் வீவர் 2013இல் வெளியிட்ட ‘ஆஸ் அமெரிக்கன் ஆஸ் ஷூஃப்ளை பை’ என்ற நூலில், இதைப் போன்றவை சுற்றுலாவுக்காக ஊதிப் பெருக்கிய கதைகள் என்று பிரித்துப் போட்டிருக்கிறார். மொலாசஸ் பாகு ஊற்றிச் சுடும் ஷூஃப்ளை பையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ‘ஆமிஷ் நட்பு ரொட்டி’ என்று ஊர் ஊராகக் கைமாறுகிற புளித்த மாவு இன்னும் வேடிக்கை. அதன் செய்முறையில் இன்ஸ்டன்ட் வெனிலா புட்டிங் பாக்கெட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஏனென்றால் நிஜ ஆமிஷ் சமையலறையிலும் அந்தப் பாக்கெட் இருக்கிறது. ஜெல்லோ, டப்பா சூப், டப்பாவில் வரும் கிரீம், பதப்படுத்திய பாலாடைக்கட்டி எல்லாம் அங்கே சகஜம். இண்டியானாவிலும் ஓஹாயோவிலும் நிதி திரட்ட நடத்தும் சாப்பாடுகளில் ‘ஹேஸ்டாக்’ என்று ஒன்று பிரபலம்: நொறுக்கிய பிஸ்கட்டின் மேல் கொத்துக்கறி, கீரை, தக்காளி என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே சீஸ் சாஸை ஊற்றுவார்கள். மண்வாசனை தேடி வருகிறவர் முகம் சுளிப்பார். உணவின் தொன்மையைக் காப்பாற்றுவதாக ஆமிஷ்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. யூதர்களுக்கோ இஸ்லாமியருக்கோ இருப்பதுபோல விலக்கப்பட்ட உணவு என்று ஒன்றும் அவர்களுக்குக் கிடையாது. விலக்கு மனிதர்களுக்கு மட்டும்தான்.

சமையலறைக் கருவிகளிலும் இதே கணக்கு. 1920 வாக்கில் லான்காஸ்டர் ஆமிஷ்கள் கம்பிவழி மின்சாரம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம் என்று பொருளல்ல. அது புரொப்பேன் வாயுவில் ஓடட்டும். மாவு பிசையும் எந்திரமும் கூடாதென்றில்லை. டீசல் எஞ்சின் அடைத்துத் தரும் காற்றழுத்தத்தில் ஓடட்டும். மிகக் கட்டுப்பாடான ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவினர் விறகடுப்பிலும், குளத்தில் வெட்டிச் சேமித்த பனிக்கட்டியிலும் நிற்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் பால் கம்பெனிகள் பெரிய குளிர்தொட்டி வைத்தால்தான் பால் வாங்குவோம் என்றன. பிஷப்புகள் பேரம் பேசினார்கள். தொட்டி வைக்கிறோம், டீசலில் குளிரவைக்கிறோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வண்டி வரக் கூடாது. கம்பெனிகள் இணங்கின. ஓய்வுநாள் தப்பியது.

திருமணச் சாப்பாட்டில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகிறது. லான்காஸ்டரில் அறுவடை முடிந்து அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை, செவ்வாயும் வியாழனும்தான் வழக்கமான முகூர்த்த நாட்கள். முன்னூறு பேருக்கு மேல் வருவார்கள். கோழியையும் ரொட்டித் துண்டுகளையும் சேர்த்துச் சுட்ட ‘ரோஸ்ட்’தான் பந்தியின் நாயகன், மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, பாலில் வேகவைத்த செலரி, பழப் பைகள் என்று நீளும். சமைப்பது உறவுக்காரத் தம்பதிகள்; ஆணும் பெண்ணுமாக. விருந்துக்கான கோழிகளின் தலையை மாப்பிள்ளையே வெட்ட வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. நிச்சயமானதைச் சபையில் அறிவிக்கும்வரை ரகசியமாக வைப்பார்கள். ஆனால் பந்திக்கு அத்தனை செலரி வேண்டுமே. பெண்ணுள்ள வீட்டுத் தோட்டத்தில் கோடையில் செலரி வரிசை கூடியிருந்தால் அண்டைவீட்டார் புரிந்துகொண்டு, புரியாததுபோல நடந்துகொள்வார்கள்.

அத்தனையையும் சமைத்து, அடைத்து, அடுக்குவது யார்? இங்கே என் வியப்பு கொஞ்சம் குறைகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில், இவர்களுக்கு உறுதிசெய்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அதன்பிறகு சமையலறையும் தோட்டமும்தான் உலகம். ஆறேழு பிள்ளைகள் உள்ள வீட்டில் கோடை முழுக்கப் பீச்சும் தக்காளியும் பீன்ஸும் கண்ணாடி ஜாடிகளில் ஏறிக்கொண்டே இருக்கும். நிலவறையில் நூற்றுக்கணக்கான ஜாடிகள் வரிசைகட்டும். கூடிச் செய்வதால் வேலை லேசாகிறது, சிரிப்பும் பேச்சும் இருக்கிறது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அந்த வாழ்வைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல, வேறொன்றும் இருந்ததென்று தெரிந்திருக்க வேண்டாமா? இத்தனை கொழுப்பும் சர்க்கரையும் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம்: ஒண்டாரியோவின் பழமைவாத ஆமிஷ் சமூகத்தில் எடுத்து 2004இல் வெளியான ஆய்வில் ஆண்கள் நாளுக்குச் சராசரியாக 18,425 அடிகள் நடந்தார்கள், பெண்கள் 14,196. அது விவசாயிகளின் கணக்கு. இண்டியானாவின் வடக்கே ஆமிஷ் ஆண்களில் பெரும்பகுதியினர் இன்று சுற்றுலா வீட்டுவண்டித் தொழிற்சாலைகளில் சம்பளத்துக்குப் போகிறார்கள். காலை உணவு மட்டும் விவசாயியுடையதாகவே இருக்கிறது.

ஆண்டுக்கு இருமுறை திருவிருந்து. அதற்குமுன் ஒரு உபவாச நாள். அதற்கும் முன்னால் ஓர் ஆலோசனைக் கூட்டம்: எல்லோரும் எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறோமா என்று கேட்பார்கள். இல்லையென்று தெரிந்தால் திருவிருந்தையே தள்ளிப்போடுவார்கள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம், பிறகு ஒருவர் காலை ஒருவர் கழுவுதல். மனதில் வன்மத்தை வைத்துக்கொண்டு ஒன்றாக உண்ணக் கூடாது என்ற இந்தக் கண்டிப்பு என்னை அசைக்கிறது. விலகிப்போன பிள்ளைக்குத் தனி மேசை போடுவதும் இதே கண்டிப்புதான் என்பது சங்கடப்படுத்துகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியும் என்றுதான் ரைஸ்ட் சொன்னார். 1693இன் அந்த வழக்கில் என் ஓட்டு அவருக்குத்தான். பெற்ற பிள்ளையின் கையிலிருந்து ரொட்டித் தட்டை வாங்க முடியாத ஒரு புனிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வரலாறு அப்படி ஓட்டுப் போடவில்லை. ஐரோப்பாவில் தங்கிவிட்ட ஆமிஷ்கள் மெல்ல மெல்ல விதிகளைத் தளர்த்தினார்கள். அங்கே எஞ்சியிருந்த கடைசிச் சபை ஜெர்மனியின் இக்ஸ்ஹைமில் இருந்தது; அதுவும் 1937இல் பக்கத்து மென்னோனைட் சபையோடு சேர்ந்துவிட்டது. கண்டிப்பைக் கைவிடாத வட அமெரிக்க ஆமிஷ் குடும்பங்களில் பிள்ளைகள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் வளர்ந்து ஞானஸ்நானம் எடுத்து அதே சபையில் தங்குகிறார்கள். இன்று அவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள்.